கம்பியில்லா மின்னேற்றம்

சென்னை மாநகரின் வடபால், இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூரைக் கடந்து எண்ணூர் வரையில் கடலையொட்டி ஒரு நெடுஞ்சாலை செல்கிறது. ஒருபால் அலைவீசும் கடல். மறுபால் மீனவர் குடியிருப்புகள், கிடங்குகள், ஆலைகள். துறைமுகத்திற்குச் சரக்குப் பெட்டிகளை ஏற்றிச்செல்லும் நீண்ட லாரிகள், வாயிலுள் புகும் முறை வரும்வரையில் இச்சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதுண்டு. அப்பெட்டிகளைக் 'கன்டெய்னர்' என்றே அப்பகுதி மக்கள் வழங்குவர். வரிசை சிறிது நகர்ந்தால் தாமும் நகரவேண்டுமாதலின், நிற்கும் லாரிகள் பலவற்றின் எஞ்சின் அணைவதில்லை. ஓடாத வண்டி கக்கும் புகையையும் சாலையோரத்துக் குழந்தைகள் சுவாசிக்கின்றனர். ஓடும் வண்டியின் புகைக்கேனும் ஒரு பயன் உண்டு. நிற்கும் வண்டியின் புகைக்கு அதுவும் இல்லை.

இப்புகையினின்றும் விடுபடுதற்கு ஒரு வழி, டீசலை விடுத்து மின்சாரத்தால் இயங்கும் ஊர்திகளைக் கைக்கொள்ளுதலாம். வடசென்னையில் இம்மாற்றம் தொடங்கிவிட்டது. 2025-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் மாநகர்ப் போக்குவரத்துக் கழகத்தின் சார்பில் ஓடத் தொடங்கின. ஊர்தி செய்யும் தொழில் இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று. 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் என்னும் நிறுவனம் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பொருத்தித் தந்தது; 1955-இல் அதுவே அசோக் லேலண்ட் என்னும் பெயர் பெற்று லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் புகழ்பெற்றதாயிற்று.

மின்னூர்தியின் உயிர்நிலை அதன் மின்கலத் தொகுதி. அதில் சேமித்த மின்சாரம் தீர்ந்தால் மீண்டும் நிரப்பவேண்டும். 'சார்ஜ் போடுதல்' என்று மக்கள் கூறும் இச்செயலை மின்னேற்றம் என்பர். இப்பொழுது இது தடித்த கம்பிவடத்தின் வாயிலாக நடைபெறுகிறது. பணியாளர் ஒருவர் வடத்தைத் தூக்கிச்சென்று ஊர்தியின் துளையிற் செருகவேண்டும். ஏற்றி முடிந்தபின் கழற்றவேண்டும். பெருஞ்சுமை ஊர்திகளுக்குரிய வடம் பளுவானது. அதன் முனையிலுள்ள உலோகப் பற்றுவாய்கள் நாள்தோறும் தேய்கின்றன. கடற்காற்றில் கலந்துவரும் உப்போ உலோகத்தை அரிக்கும் இயல்பினது. எண்ணூர்க் கரையில் சன்னற் கம்பியும் மிதிவண்டிச் சங்கிலியும் படும் பாட்டை அவ்வூரார் நன்கறிவர். இவற்றுக்கெல்லாம் மேலாக ஓர் இடர்ப்பாடு உண்டு. சிறிது நேரம் நின்று, சிறிது நகர்ந்து, மீண்டும் நிற்கும் ஊர்திக்கு ஒவ்வொரு முறையும் வடத்தைச் செருகுவதும் கழற்றுவதும் நடவாத காரியம்.

வடமே இன்றி, சாலையின் கீழிருந்தே ஊர்திக்கு மின்சாரம் ஏறுமாயின் எத்துணை நலமாகும்! இவ்வெண்ணம் இன்று தோன்றியதன்று. சாலைக்கடியிலிருந்து மின்சாரம் பெற்று ஓடிய வண்டிகளைச் சென்னை ஒரு காலத்தில் கண்டதுண்டு.

1895-ஆம் ஆண்டு மே திங்களில் சென்னையில் டிராம் வண்டிகள் மின்சாரத்தால் ஓடத் தொடங்கின. இந்தியாவில் மின்சார டிராம் முதன்முதலாக ஓடியது இந்நகரத்திலேயாம். துறைமுகப் பகுதிக்கும் நகரின் உட்பகுதிகளுக்கும் இடையே அவ்வண்டிகள் மக்களையும் சரக்கையும் சுமந்தன. தொடக்கத்தில் அவற்றுக்குத் தலைக்குமேற் கம்பி இல்லை. தண்டவாளங்களை அடுத்துத் தரையில் ஒடுக்கமான பிளவு ஒன்று நெடுக அமைக்கப்பெறும். அதன் கீழுள்ள கால்வாயில் மின்சாரம் பாயும் உலோகச் சட்டங்கள் கிடக்கும். வண்டியின் அடியிலிருந்து ஒரு நாக்கு அப்பிளவினூடே இறங்கிச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டே செல்லும். புடாபெஸ்ட் முதலிய ஐரோப்பிய நகரங்களிலும் கையாளப்பெற்ற முறை இது. வீதியின் அழகைக் கம்பிகள் கெடுக்கவில்லை; வண்டி வழுக்கிச் செல்வதைக் கண்டவர் வியந்திருப்பர் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் சென்னையின் மழையை அம்முறை தாங்கவில்லை. வடகிழக்குப் பருவமழை பொழிந்தபோது வீதி வெள்ளம் பிளவின் வழியே கால்வாயினுள் புகுந்தது. மின்சாரம் பாயும் வெற்று உலோகமும் சேற்றுநீரும் ஒன்றுகூடின் விளைவு யாதாகும்? சில பருவமழைகளுக்குள் அவ்வமைப்புப் பாழாயிற்று. பின்னர்த் தலைக்குமேற் கம்பி கட்டி டிராம்களை ஓட்டினர். 1921-இல் 97 வண்டிகள் 24 கிலோமீட்டர் பாதையில் ஓடும் அளவிற்கு அது வளர்ந்தது. பின்பு நிறுவனம் பொருளிழந்து நொடித்தமையால் 1953-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் சென்னை டிராம் நின்றது.

அந்தப் பழைய முறை தோற்றதற்குக் காரணம் மின்சாரம் அன்று, தொடுதலே காரணம். ஓர் உலோகம் மற்றோர் உலோகத்தைத் தொட்டாலன்றி மின்சாரம் கைமாறாது என்னும் நிலை இருந்தது. தொடவேண்டுமாயின் உலோகம் மூடப்படாமல் இருத்தல் வேண்டும். மூடப்படாத உலோகத்தை நீரும் உப்பும் அணுகும். ஆகவே தொடாமலே மின்னாற்றல் கைமாறும் வழி ஒன்று கிடைத்தாற் சென்னையின் மழையை வெல்லலாம். அவ்வழியோ டிராம் தோன்றுதற்கு அறுபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே கண்டறியப்பட்டிருந்தது.

மைக்கேல் பாரடே என்பவர் இலண்டன் மாநகரில் ஒரு கொல்லரின் மகனாய்ப் பிறந்தவர். இளமையிற் புத்தகம் கட்டும் தொழில் பயின்றார். கட்டக் கொடுத்த நூல்களைப் படித்தே அறிவியலில் ஆர்வம் கொண்டார். 1831-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் அவர் ஓர் இரும்பு வளையத்தை எடுத்து, அதன் ஒரு பக்கத்தில் ஒரு கம்பிச் சுருளையும் எதிர்ப்பக்கத்தில் மற்றொரு சுருளையும் சுற்றினார். இரு சுருள்களும் ஒன்றையொன்று தொடாவண்ணம் துணி முதலியவற்றால் மறைத்திருந்தார். முதற் சுருளை மின்கலத்தோடு இணைத்தபோது, இரண்டாம் சுருளின் அருகே வைத்த காந்த ஊசி சட்டென்று அசைந்தது. அசைந்த ஊசி மீண்டும் தன் நிலைக்கு வந்து நின்றுவிட்டது. மின்கலத்தின் இணைப்பைத் துண்டித்தபோது அது மறுபடியும் அசைந்தது, இம்முறை எதிர்ப்பக்கமாக. மின்சாரம் ஒரே சீராகப் பாய்ந்துகொண்டிருந்த வேளையில் ஊசி அசையவேயில்லை.

இச்சிறு நிகழ்ச்சியில் ஒரு பேருண்மை அடங்கியுள்ளது. மின்சாரம் பாயும் கம்பிச் சுருளைச் சுற்றிக் காந்தப்புலம் ஒன்று தோன்றும். அப்புலம் மாறாது நின்றால் அயலிலுள்ள சுருளில் ஒன்றும் நிகழாது; அது மாறுபடும்பொழுது மட்டுமே அயற்சுருளில் மின்சாரம் பிறக்கும். இதனை மின்காந்தத் தூண்டல் என்பர். காந்தக்கல் இரும்பைத் தொடாமலே ஈர்ப்பதனைப் பண்டைப் புலவர்களும் தத்துவ நூலார்களும் உவமையாக எடுத்தாண்டனர். காந்தத்தின் மாறுதலால் மின்சாரமே பிறக்கும் என்பதை அறிந்திருப்பின் எத்தகைய உவமைகளை யாத்திருப்பரோ!

தெருமுனையில் நிற்கும் டிரான்ஸ்பார்மர் பாரடேயின் வளையத்தினின்றும் வந்ததே. அதனுள்ளும் இரண்டு சுருள்கள் உண்டு. நடுவே இரும்பு உண்டு. அந்த நடு இரும்பை நீக்கி, ஒரு சுருளைச் சாலையில் தட்டாகப் பரப்பிப் புதைத்து, மற்றொன்றை ஊர்தியின் அடிவயிற்றிற் பொருத்தினால், அதுவே கம்பியில்லா மின்னேற்றம். இரும்பு நின்ற இடத்தில் இப்பொழுது வெறுங்காற்று, ஒரு சாண் அளவுக்கு.

ஆனால் அந்த ஒரு சாண் எளிதிற் கடக்கக்கூடியதன்று. இரும்பு காந்தப்புலத்தைச் சிதறவிடாமல் வழிநடத்துவது. காற்றோ அங்ஙனம் செய்யாது. இடைவெளி பெருகப் பெருகப் புலம் விரைந்து மெலிந்துபோகும். நிகோலா தெஸ்லா என்னும் அறிஞர் 1890-ஆம் ஆண்டுகளில் கம்பியின்றி விளக்கேற்றிக் காட்டி அவையோரை வியப்பில் ஆழ்த்தினார்; உலகெங்கும் அவ்வாறே மின்னாற்றலை அனுப்பலாம் எனக் கருதிக் கோபுரம் ஒன்றும் எழுப்பத் தொடங்கினார். அம்முயற்சி நிறைவேறவில்லை; 1917-இல் அக்கோபுரம் இடிக்கப்பட்டது. தொலைவிற்கு அனுப்பும் கனவு நிற்க, அருகிலுள்ள ஊர்திக்கு அனுப்புவதே இன்று கைகூடியுள்ளது.

இடைவெளியாகிய இடரை அறிஞர்கள் இரண்டு உபாயங்களால் வென்றனர். முதலாவது, மாறுதலை மிக விரைவாக்குதல். வீடுகளுக்கு வரும் மின்சாரம் வினாடிக்கு 50 அலைவு உடையது. சாலையோரப் பெட்டியிலுள்ள கருவி அதனை வினாடிக்கு ஏறத்தாழ 85,000 அலைவு உடையதாக மாற்றித் தட்டிற்கு அனுப்புகிறது. மாறுதல் விரைவுபடுந்தோறும் அயற்சுருளில் தூண்டப்படும் மின்னழுத்தமும் மிகும். இத்துணை விரைந்த மின்சாரம் கம்பியின் மேற்புறத்தை ஒட்டியே ஓடும் இயல்பினது. ஆதலின் ஒரே தடித்த கம்பியைக் கொள்ளாது, மயிரிழை போன்ற செம்பு நூல்கள் பலவற்றைத் தனித்தனியே மேற்பூச்சிட்டு, கப்பற் கயிறு திரிப்பதுபோலத் திரித்துச் சுருள் செய்கின்றனர்.

இரண்டாவது உபாயம் ஒத்திசைவு. ஊஞ்சலை ஆட்டுவோர் அதன் போக்கறிந்து உரிய வேளையில் மெல்லத் தள்ளினாலும் அது மேன்மேலும் உயர்ந்து ஆடும். வேளை தவறித் தள்ளினால் எவ்வளவு வலிமை செலவிட்டும் பயனில்லை. அவ்வாறே ஒவ்வொரு சுருளோடும் மின்தேக்கி ஒன்றை இணைத்து, இரண்டும் ஒரே அலைவில் ஆடுமாறு பண்ணமைக்கின்றனர். அப்பொழுது மெலிந்த புலமும் மிகுந்த ஆற்றலைக் கொண்டு சேர்க்கிறது. ஊர்தியின் உள்ளே சேர்ந்த மின்சாரம் ஒருதிசை மின்சாரமாக்கப்பட்டு மின்கலத்துட் செல்கிறது.

இம்முறையில், தட்டும் சுருளும் செம்மையாக நேர்நின்றால் அனுப்பிய ஆற்றலில் 100-க்கு 90 பங்கிற்கு மேலும் மின்கலத்தை அடைவதுண்டு. கார்களுக்கென 2020-இல் வகுக்கப்பட்ட பன்னாட்டுப் பொறியாளர் விதி 11 கிலோவாட் வரையிலான திறனையும், பக்கவாட்டில் 10 சென்டிமீட்டர் விலகலையும் ஏற்கிறது. அதற்கு மேல் விலகி நிறுத்தினால் இழப்பு மிகும். நடுவே ஓர் ஆணியோ நாணயமோ கிடந்தால் அது சூடேறும். ஆதலின் அத்தகைய பொருள் கிடப்பதையும், பூனையோ நாயோ அடியிற் புகுவதையும் உணர்ந்து, உடனே மின்சாரத்தை நிறுத்தும் கருவிகள் இன்றியமையாதன.

பிறநாடுகளில் இம்முறை ஏட்டளவில் நின்றுவிடவில்லை. தென்கொரியாவின் குமி நகரில் 2013-இல் 24 கிலோமீட்டர் வழியில் இரண்டு பேருந்துகள் சாலையடிச் சுருள்களிலிருந்து ஆற்றல் பெற்று ஓடின. வழி முழுவதும் சுருள் புதைக்கவில்லை. சிற்சில பகுதிகளிற் புதைத்ததே போதியதாயிற்று. இங்கிலாந்தின் மில்ட்டன் கீன்ஸ் நகரில் 2014-இல் எட்டுப் பேருந்துகள், வழியின் இரு முனைகளிலும் ஓட்டுநர் இளைப்பாறும் சில நிமிடங்களிலேயே மின்னேற்றம் பெற்றன. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 2023 நவம்பரில், ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்னேற்றும் சாலைத்துண்டு ஒன்று திறக்கப்பட்டது. அதன் நீளம் கால் மைல்தான். துறைமுக மக்கள் சிறப்பாகக் கருதத்தக்கது நார்வே நாட்டுச் செய்தி. அங்கே 2017-இல் ஃபோல்கெஃபோன் என்னும் பயணக் கப்பலுக்குக் கரையிலிருந்து ஏறத்தாழ அரை மீட்டர் இடைவெளியில் ஒரு மெகாவாட் அளவு மின்னாற்றலைக் கம்பியின்றி ஏற்றினர். அலையில் ஆடும் கப்பலுக்கே ஏற்றக்கூடுமாயின், தரையில் நிற்கும் லாரிக்கு ஏற்றுதல் அரிதன்று. இந்தியாவிலும் திருவனந்தபுரத்துச் சி-டாக் நிறுவனமும் நாகபுரியிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகமும் கூடிச் செய்த 1.5 கிலோவாட் கம்பியில்லா மின்னேற்றி 2025-இல் தொழில் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. சிறிய ஊர்திகளுக்கு அது பொருந்தும்.

இனி, ஓடும் சாலை முழுவதும் சுருள் புதைக்கலாமே என்று கேட்பார் உளர். அதற்காகும் செலவோ மிகப் பெரிது. சென்னைச் சாலைகளைக் குடிநீர்க் குழாய்க்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் எத்தனை முறை தோண்டுகின்றனர் என்பதை அறிந்தவர் அதற்கு இசையார். கம்பியில்லா மின்னேற்றத்தின் தகுதியான இடம் ஓட்டம் அன்று; காத்திருப்பு. பேருந்து முனையம், ஆட்டோ நிறுத்தம், துறைமுக வாயிலில் லாரி வரிசை ஆகியவற்றில் ஊர்திகள் எப்படியும் நிற்கின்றன. இன்று வீணாகும் அந்நேரம், அங்கே தட்டுகள் புதைக்கப்பெற்றால், மின்கலத்தை நிரப்பும் நேரமாகும். அடிக்கடி சிறிது சிறிதாக ஏறும் ஊர்திக்குப் பெரிய மின்கலமும் வேண்டுவதில்லை. மின்கலமே மின்னூர்தியில் விலைமிக்க உறுப்பாதலின் இஃது எளிய நன்மையன்று.

எனினும் ஒரு வினாவை விடுத்துச் செல்லுதல் முறையன்று. ஊர்தியில் ஏறும் மின்சாரம் எங்கே பிறக்கிறது? எண்ணூரில் 1970-இல் அமைந்த பழைய அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. அத்திப்பட்டில் 1994 முதல் இயங்கும் வடசென்னை அனல்மின் நிலையமும், அதனையடுத்து வல்லூரில் எழுந்த நிலையமும் நிலக்கரியை எரித்தே மின்சாரம் ஆக்குகின்றன. 2001-இல் திறக்கப்பெற்ற எண்ணூர்த் துறைமுகம் முதலில் நிலக்கரி இறக்குதற்கென்றே எழுந்தது. எரிந்த கரியின் சாம்பற்குழம்பு எண்ணூர்க் கழிமுகத்திற் படிந்து, காட்டுக்குப்பம் முதலிய ஊர்களின் மீனவரது பிழைப்பைக் கெடுத்தமை தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரையில் சென்ற வழக்காகும். ஆகவே நிலக்கரி மின்சாரத்தால் ஓடும் ஊர்தி, இராயபுரத்தின் புகையை நீக்கி, அதன் சுமையில் ஒரு பகுதியை அத்திப்பட்டின்மேல் ஏற்றுகிறது என்றே கூறல் வேண்டும்.

இவ்விடத்திலும் காத்திருப்பு மின்னேற்றம் ஓரளவு துணைபுரியும். பணிமனையில் இரவில் மின்னேற்றும் பேருந்துக்குச் சூரிய மின்சாரம் நேரே கிட்டாது. நண்பகலில் வரிசையில் நிற்கும் லாரிக்கோ, கமுதியில் 2016 முதல் இயங்கும் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் போன்றவை ஆற்றலைப் பெருக்கித் தரும் வேளையிலேயே மின்னேற்றம் கிட்டும். காற்று வீசும் திங்கள்களில் ஆரல்வாய்மொழிப் பகுதியின் காற்றாலைகளும் உதவும். எந்த வேளையில் ஏற்றுகிறோம் என்பது எவ்வாறு ஏற்றுகிறோம் என்பதற்குக் குறைந்ததன்று.

பழைய டிராமை வென்ற மழையின் செய்தி யாது? காந்தப்புலத்தை நீர் தடுப்பதில்லை. சாலையில் புதைந்த தட்டு நாற்புறமும் மூடப்பட்டிருப்பதால், அதன்மேல் முழங்காலளவு நீர் நின்றாலும் புலம் அதனூடே சென்று ஊர்தியை எட்டும். ஆயின் அலைவை விரைவுபடுத்தும் கருவிகள் அடங்கிய பெட்டி சாலையோரத்தில் நிற்பது. அதனுள் நீர் புகலாகாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் பொழிந்த மழையால் வடசென்னைத் தெருக்கள் பல நாள் நீரில் நின்றன. அவ்வெள்ளம் எட்டிய மட்டத்தைச் சுவர்களில் அளந்து, அதற்குமேல் எழும்பிய மேடையிலேயே அப்பெட்டியை நிறுத்துதல் வேண்டும்.